நாற்பத்திரண்டாவது மரம்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து, ஓய்வு பெற்றவனுக்கு அரசாங்கம் விட்டு வைத்திருக்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அதாவது குறட்டை. அப்போது போன் வந்தது. எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். பழைய படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"ஐயா, பதினேழாம் வட்டத்துப் படிவத்துல நாற்பத்திரண்டாவது வரியை ஒரே கோடா அடிச்சிருக்கு. பக்கத்துல மேடத்தோட சின்னக் கையெழுத்து இருக்கு. காரணம்னு ஒரு கட்டம், அது காலியா இருக்கு. காரணம் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு விட மாட்டேங்குது. என்னன்னு போடட்டும்?"

"அந்தக் கட்டத்துக்குள்ள அது அடங்காதும்மா" என்றேன்.

"சுருக்கமா சொல்லுங்க ஐயா."

சுருக்கமாகச் சொல்ல வந்தால் என் மனைவியே நம்ப மாட்டாள். அவள் நான் கடிகாரம் பார்த்து மணி சொன்னாலும் பக்கத்து வீட்டில் ஒரு தரம் கேட்டுக்கொள்கிறவள். அதனால் விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் என் சோலி என்னவென்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் காட்டில் மரங்களின் இடுப்பைக் கட்டிப்பிடித்து அளவெடுத்தவன் நான். போடிப் பக்கம் சிலமலைக்காரன். எங்கள் ஊரில் என்னைக் 'காத்தளக்கிறவரு' என்பார்கள். காரணம், ஒரு தடவை டீக்கடையில் ஒருவர், "காட்டுக்குள்ள போயி என்னதான்யா பண்றீங்க?" என்று கேட்க, நான் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். மரம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்துத்தான் உடம்பு வளர்க்கிறது. அந்த உடம்பை அளந்தால் எவ்வளவு குடித்திருக்கிறது என்று தெரியும். எல்லாக் காட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 'எங்கள் நாட்டுக் காடு இவ்வளவு புகையை உள்ளே வைத்திருக்கிறது' என்று தேசங்கள் கூடும் இடத்தில் நம்மவர்கள் சொல்வார்கள். பூமி சூடாவதற்கு யார் எவ்வளவு பொறுப்பு என்று அங்கே பேச்சு நடக்கும். அந்தப் பேச்சின் அடியில், போடி மேட்டுச் சரிவில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நான் எழுதிய ஒரு எண் இருக்கும். இதைச் சொல்லி முடித்ததும் கேட்டவர் நிதானமாக டீயைக் குடித்துவிட்டு, "ஆகக்கூடி காத்தை அளக்குறீங்க" என்றார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

பயிற்சிக்கு வடக்கே ஒரு ஊருக்கு மூன்று மாதம் அனுப்பினார்கள். பாடம் முழுக்க இந்தி. எனக்குப் புரிந்தது தேநீர் இடைவேளை மட்டும். மற்றதெல்லாம் இங்கே வந்து மரத்திடம்தான் கற்றுக்கொண்டேன்.

வேலை இப்படித்தான். காட்டில் குறித்துக் கொடுத்த இடத்தில் நடுவே ஒரு முளை அடிப்போம். அதில் பதினெட்டு மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுற்றினால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நிற்கும் மரங்களை எல்லாம் அளக்க வேண்டும். இரண்டு பேர் வேலை. ஒருவர் முளையிலேயே பலகையும் படிவமுமாக நிற்பார், அவர் எழுதுகிறவர். இன்னொருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகப் போவார், அவர் அளக்கிறவர். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு, முளையிலிருந்து மரம் எவ்வளவு தூரம் என்று பார்க்க. இடுப்பில் ஒரு துணி டேப்பு, மரத்தின் சுற்றளவுக்கு. தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர் உயரத்தில், சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் நின்றுகொண்டு, பாசியைச் சுரண்டாமல், கொடியை மட்டும் தூக்கிவிட்டு, டேப்பு கோணாமல் சுற்ற வேண்டும். அதை நெஞ்சுயரம் என்போம். அளந்ததும் உரக்கச் சொல்ல வேண்டும்: மரத்தின் எண், பேர், சுற்றளவு, தூரம். எழுதுகிறவர் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லும் குரல் கேட்காமல் அளக்கிறவர் அடுத்த மரத்துக்கு நகரக் கூடாது.

இந்தத் திருப்பிச் சொல்வதில்தான் மேடம் கறாராக இருப்பார். வளர்மதி மேடம். கோபிப் பக்கம். அவர் எங்களுக்கு அதிகாரியாக வந்தபோது நாங்கள் பயப்படவில்லை, காரணம் அவர் யாரையும் திட்ட மாட்டார். பிறகுதான் திட்டுகிறவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று புரிந்தது. எங்களோடு வருகிற நாளெல்லாம் காலையில் ஜீப் முகப்பின் மேல் ஒரு இரும்பு அளவுகோலை வைத்து, எங்கள் டேப்பை அதன் பக்கத்தில் நீட்டிப் பார்ப்பார். துணி இழுபட்டு இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தால் அந்த டேப்பை மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார். பேச்சு கிடையாது. கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஒரு பென்சில். பேனா மூடுபனியில் ஊறிவிடும். அழிப்பான் எங்கள் யாரிடமும் இருக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. அடித்தது என்னவென்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால், "திரும்ப அளங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்னைப் போன்ற வாயாடிக்கு அதைவிடத் தண்டனை இல்லை. அந்த அமைதியை நிரப்புவதற்காகவே நான் செய்யாத தப்புகளையும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு அளக்கிறவன் பவுன்ராசு. ராசிங்காபுரம். நாற்பதைத் தாண்டியவன். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன். காட்டைப் பார்த்துக்கொண்டே மரத்தின் பேர் சொல்வான். நான் இலையைக் கையில் கொடுத்தாலும் யோசிப்பேன். அந்த வருடம்தான் அவனை நிரந்தரமாக்கும் கோப்பு மேடத்தின் மேசைக்கு வந்திருந்தது. அந்தப் பருவத்து வேலையில் ஒரு படிவம் பொய் என்று ஆனாலும் போதும், அந்த ஜோடி அளந்த எல்லா வட்டங்களும் தள்ளுபடி. தற்காலிக ஆளை அன்றோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு போகும். அவனுக்கு எல்லாமே போகும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் அந்த வருடம் அவன் டேப்பைச் சாமி கயிறு மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தான்.

பதினேழாம் வட்டம் போடி மேட்டுக்குக் கீழே, ஒரு ஏலத்தோட்டத்தின் தலைமாட்டில் இருக்கும் சோலை. ஏலச் செடிக்கு நிழல் வேண்டுமென்று தோட்டத்துக்குள் மரங்களை விட்டு வைப்பார்கள். அதற்கும் மேலே யாரும் தொடாத காடு. அன்று காலை காய் பறிக்கப் போகிறவர்களின் ஜீப்பில்தான் தொற்றிக்கொண்டு போனோம். என் பக்கத்தில் பேச்சியம்மாள். தோட்டத்து ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், அடுப்பு பார்க்கிறவர். வாயில் வெற்றிலை, மடியில் தூக்குவாளி.

"இன்னைக்கு எங்கிட்டுண்ணே சோலி?" என்றார்.

"உங்க தோட்டத்துக்கு மேலதான் ஆத்தா. ஓடைக்கு அங்கிட்டு."

வெற்றிலையை மென்றுகொண்டே வெளியே பார்த்தார். "அங்க போயி மரத்தை எண்ணப் போறீகளாக்கும்."

"எண்ணாம எப்படி ஆத்தா?"

"நாங்க அங்கிட்டு ஆளை எண்ண மாட்டோம். கங்காணி பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு. எல்லாத் தோட்டத்துலயும் சாயந்தரம் தலையை எண்ணித்தான் ஜீப்புல ஏத்துவாக. அங்க மட்டும் பேரு."

"ஏன், எண்ணினா என்ன?"

"ஒண்ணு கூட வரும்" என்றார், ஜீப்பில் இடம் போதாது என்று சொல்கிற குரலில்.

"கூட வர்றவருக்கும் கூலி உண்டா ஆத்தா?" என்று கேட்டேன். ஜீப்பே சிரித்தது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. பவுன்ராசுவும் சிரிக்கவில்லை, ஆனால் அவன் என் நகைச்சுவைக்குச் சிரிப்பதை நிறுத்தி அப்போதே பல வருடம் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்கு முளை அடித்தோம். படிவத்தின் தலையில் வழக்கம்போல முதலிலேயே எழுதினேன்: அளந்தவர் பவுன்ராசு, எழுதியவர் செல்லபாண்டி. கால் மணி நேரத்தில் கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்தது. மேட்டில் அது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வந்தது வெள்ளையாகக்கூட இல்லை. பழைய வேட்டியை அலசிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம். முதலில் பவுன்ராசுவின் தலை போயிற்று, பிறகு கை, பிறகு மரங்கள். என் பலகையும் என் தொப்பையில்லாத வயிறும் மட்டும் மிஞ்சின. காலடியில் முளை. முளையிலிருந்து புறப்பட்டுப் பனிக்குள் போகும் கயிறு.

பனி வந்தால் குரலை வைத்துத்தான் வேலை. அதற்காகத்தானே திருப்பிச் சொல்வது.

"ஏழு. நாங்கு. எம்பத்தெட்டு புள்ளி ரெண்டு. பதினொண்ணு."

"ஏழு, நாங்கு, எம்பத்தெட்டு புள்ளி ரெண்டு, பதினொண்ணு."

"எட்டு. வெடிப்பலா. நூத்திப் பதினாலு புள்ளி அஞ்சு. பதினாலு."

திருப்பிச் சொன்னேன். எழுதினேன். ஒன்பது வர ஒரு நிமிடம் தாமதமாயிற்று. பிறகு வந்தது. பத்து வந்தது. கயிறு இறுகும், தளரும், கடிகார முள் மாதிரி மெல்ல வலப்பக்கம் நகரும். ஒரு விஷயம் அப்போதே கவனித்தேன். கவனித்தும் பாராட்டத்தான் தோன்றியது. பவுன்ராசு வழக்கமாக நாலு மரத்துக்கு ஒரு தடவை அட்டையைத் திட்டுவான், அல்லது என்னைத் திட்டுவான். அன்றைக்கு எண்களைத் தவிர ஒரு சொல் இல்லை. நிரந்தரமாகப் போகிறவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குரலும் ஒரே தூரத்திலிருந்தே வந்தது. அருகில் இருக்கும் மரத்துக்கும் எட்டத்தில் இருக்கும் மரத்துக்கும் ஒரே குரல், ஒரே ஓசை. பனியில் சத்தம் அப்படித்தான் விளையாடும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனக்குத்தானே சமாதானம் சொல்வதில் நான் அந்த வட்டாரத்திலேயே முதல் ஆள்.

நாற்பத்தொன்று முடிந்தது. கயிறு ஒரு முழுச் சுற்று வந்துவிட்டது. பென்சிலைக் காதில் செருகப் போனேன்.

"நாப்பத்திரெண்டு."

கயிறு இறுகவில்லை. தரையில் கிடந்தபடியே மெல்ல என் பக்கம் வந்துகொண்டிருந்தது, யாரோ சுருட்டிக்கொண்டே நடந்து வருகிற மாதிரி.

"எம்பத்தொண்ணு புள்ளி நாலு. தூரம் இல்ல."

"நாப்பத்திரெண்டு, எம்பத்தொண்ணு புள்ளி நாலு, தூரம் இல்ல" என்று திருப்பிச் சொன்னேன். பல வருடப் பழக்கம். வாய் சொல்லிவிட்டது, கை எழுதிவிட்டது. அப்புறம்தான், "என்ன மரம்னு சொல்லலையே?" என்று கேட்டேன். பதில் இல்லை. 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். குனிந்து பார்த்தபோது கயிறு முழுவதும் முளையின் பக்கத்தில், வட்டம் வட்டமாக, ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. பவுன்ராசு பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடக் கயிற்றைச் சுருட்டி நான் பார்த்ததில்லை.

"பவுனு, எங்கிட்டிருக்க?" என்று கூப்பிட்டேன். பனி சொட்டும் சத்தம் மட்டும். முன்னாலேயே இறங்கிவிட்டான் என்று எண்ணிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி ஸ்டோருக்கு வந்தேன். மணி ஒன்று.

ஸ்டோரில் அடுப்புக்கு எதிரே சாக்கின் மேல் பவுன்ராசு கால் நீட்டிப் படுத்திருந்தான். பக்கத்தில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் மேடம். அன்றைக்கு அவர் வருவதாகவே இல்லை; மேட்டு வழியில் வந்தவர் எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். பேச்சியம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எப்படா கீழ வந்த?" என்றேன்.

பவுன்ராசு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "பத்து மணிக்குண்ணே" என்றான். "ஒம்பதாம் மரத்துக்குப் போறப்ப வழுக்கிருச்சு. கயிறு கையை விட்டுப் போச்சு. சரிவுல உருண்டு ஓடையோரச் செடிக்குள்ள வந்து விழுந்தேன். காயி பறிக்கிறவுகதான் தூக்கிட்டு வந்தாக."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கத்துனேன்ணே. அண்ணே, கால் போச்சு, கால் போச்சுன்னு தொண்டை கிழியக் கத்துனேன். ஒவ்வொரு தடவையும் நீங்க மேல இருந்து ஒரு நம்பரைத் திருப்பிச் சொன்னீங்க."

அடுப்பின் வெக்கை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தோளிலிருந்த கயிற்றை இறக்கிக் கீழே வைத்தேன். மேடம் கையை நீட்டினார். படிவத்தைக் கொடுத்தேன். தலைப்பில் அவன் பேரைப் படித்தார், கீழே நாற்பத்திரண்டு வரிகளையும் விரல் வைத்துப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் நான் நம்பத் தகாதவன் என்று பேர் எடுத்தவன். மேடத்தின் குரலில் பேசிக் காட்டி ஓட்டுநரை ஜீப்பைக் கழுவ வைத்தவன். 'பனிக்குள்ளிருந்து ஒரு குரல் அளவு சொன்னது' என்று நான் சொன்னால் அது என்னுடைய நூற்றுச் சொச்சமாவது கதையாகத்தான் இருக்கும். ஆனால் பவுன்ராசுவின் கோப்பு அவர் மேசையில் இருந்தது. அதனால் மடமடவென்று ஒரு நல்ல பொய்யைச் சொன்னேன்.

"நானே தனியா அளந்தேன் மேடம். இவன் முன்னாலேயே இறங்கினது தெரியும். வேலை கெடக் கூடாதுன்னு நானே அளந்து, நானே சொல்லி, நானே எழுதினேன். தலைப்பை மாத்த மறந்துட்டேன்."

"எதுலீங்க அளந்தீங்க?"

"டேப்புலதான் மேடம்."

மேடம் பவுன்ராசுவின் காலைக் காட்டினார். கணுக்காலில் இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்து, சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது எங்கள் துணி டேப்பு. முடிச்சுக்குப் பக்கத்தில் முப்பத்தாறு என்ற எண் பளிச்சென்று தெரிந்தது.

"அவுக இடுப்புல அதுதான் கெடந்துச்சு. அவசரத்துக்கு அதையே சுத்திட்டேன்" என்றார் பேச்சியம்மாள்.

அதற்கு மேல் அந்தப் பொய் நிற்காது. பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லி முடித்ததும் மேடம் படிவத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் பத்தரைக்கு வந்தேனுங்க. இவரைப் பார்த்துட்டு உங்களைக் கூப்பிட ஓடை வரைக்கும் வந்தேன். மேல ஏற வழி தெரியல. உங்க குரல் மட்டும் கேட்டுச்சு. ஒரு நம்பர் சொல்லுவீங்க, கொஞ்ச நேரம் சும்மா இருப்பீங்க, யாரோ சொல்லக் கேக்குற மாதிரி. அப்புறம் அடுத்த நம்பர்." பையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, "நான் திரும்பி வந்துட்டேன்" என்றார்.

ஏன் திரும்பி வந்தார் என்று நான் கேட்கவில்லை.

பவுன்ராசு மெல்ல எழுந்து உட்கார்ந்தான். "மேடம், என் சோலி போயிருமா?"

"நாளைக்கு அளந்து பார்த்துச் சொல்றேனுங்க" என்றார்.

மறுநாள் மேடமும் நானும் மட்டும் ஏறினோம். புதுப் படிவம். நேற்றைய படிவம் அவர் பைக்குள். அதைப் பார்க்காமல்தான் அளக்க வேண்டும், பார்க்காமல்தான் நானும் எழுத வேண்டும். அளந்தவர் வளர்மதி, எழுதியவர் செல்லபாண்டி. பனி இருந்தது, ஆனால் ஆள் தெரிகிற பனி. அவர் தன்னுடைய டேப்பில் அளந்தார். ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சுயரத்துக்கு அளவுகோல் வைத்தார், கொடியைத் தூக்கினார், சொன்னார். திருப்பிச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இருபத்து மூன்றாவது மரத்தில் மட்டும் சந்தேகம் வந்து இரண்டு தடவை அளந்தார். இரண்டாவது தடவை மூன்று மில்லிமீட்டர் கூட வந்தது. இது சகஜம். நனைந்த பட்டை கையின் இறுக்கத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஒரே ஆள் ஒரே மரத்தை இரண்டு தடவை அளந்தாலும் ஒரே எண் வராது. முதல் அளவையே எழுதச் சொன்னார்.

நாற்பத்தொன்றோடு மரங்கள் முடிந்தன. மேடம் பையிலிருந்து நேற்றைய படிவத்தை எடுத்துப் பலகையில் பக்கத்தில் வைத்தார். ஒரு விரல் இந்தப் படிவத்தில், ஒரு விரல் அந்தப் படிவத்தில். இரண்டு விரல்களும் வரி வரியாக இறங்கின.

எல்லாமே ஒன்று. நாற்பத்தொரு மரமும், மில்லிமீட்டர் சுத்தமாக. இருபத்து மூன்றாவது மரத்துக்கு அவருடைய முதல் அளவு.

விவரம் தெரியாதவர்கள் 'அப்பாடா' என்பார்கள். எங்கள் தொழிலில் அது அப்பாடா இல்லை. நாலு எண் கொஞ்சம் தள்ளியிருந்தால் யாரோ ஒரு மனிதன் அளந்திருக்கிறான் என்று நிம்மதியாக இருக்கலாம். எல்லாமே ஒத்துப்போனால் அங்கே மனிதக் கையே பட்டிருக்க முடியாது. அதிலும் மேடம் இன்றைக்கு அளக்கப் போவதை அந்தக் குரல் நேற்றே சொல்லியிருக்கிறது. மேடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் விரல் மட்டும் நாற்பத்திரண்டில் போய் நின்றது.

"பெயர் தெரியவில்லை. தூரம் இல்லை" என்று படித்தார். பிறகு தலையைத் தூக்கி முளையைப் பார்த்தார். முளையிலிருந்து தூரமே இல்லாத இடத்தில் என்ன நின்றிருந்தது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அப்படியே நில்லுங்க."

பலகையோடு நின்றேன். அவர் என் முன்னால் வந்து, மரத்துக்குச் செய்கிற அதே நிதானத்தோடு, தரையிலிருந்து அளவுகோல் வைத்து உயரம் பார்த்தார். டேப்பை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கோணாமல் சரிபார்த்து, முன்னால் இழுத்துச் சேர்த்தார். டேப்பு ஈரமாக இருந்தது. எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வேண்டும் போலிருந்தது. 'மூச்சை இழுத்துக்கட்டுமா மேடம், கொஞ்சம் கூடுதலாக் கரி காட்டலாம்' என்று தயாராகக்கூட இருந்தது. சொல்ல வரவில்லை.

"எம்பத்தொண்ணு புள்ளி நாலு" என்றார், மிகவும் மெதுவாக.

"எம்பத்தொண்ணு புள்ளி நாலு" என்று திருப்பிச் சொன்னேன். கை புதுப் படிவத்தின் நாற்பத்திரண்டாவது வரியில் அதை எழுதியும் விட்டது.

மேடம் அதைப் பார்த்தார். கழுத்திலிருந்த பென்சிலை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தின் மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கழுத்துக்கே போய்விட்டது. இனி போனில் வந்த அந்தப் பெண் கேட்டால் இதுதான் பதில்: என் மார்பளவை அரசாங்கப் பதிவில் பெயர் தெரியாத மரமாக ஏற்றிவிட்டு, அந்த நிமிடமே அடித்துவிட்டார்கள்.

இறங்கும்போது அவர் முன்னால் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பக்கத்திலேயே வந்தார். ஒற்றையடிப் பாதையில் அது லேசு இல்லை. இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் வந்தோம்.

ஸ்டோரில் பேச்சியம்மாள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மேடம் நேற்றைய படிவத்தைப் பையிலிருந்து எடுத்தார். அழிப்பான் வைத்திருந்த குற்றத்துக்காக ஒரு ஆளை வேறு ஊருக்கு மாற்றிய மனிதர் அவர். அந்தத் தாளை நான்காக மடித்து, அடுப்பு வாய்க்குள் போட்டு, கறுத்துச் சுருண்டு விழும்வரை நின்று பார்த்தார்.

"நேத்து வட்டம் அளக்கலீங்க. அளக்கத் தொடங்குறப்பவே விபத்து. இன்னைக்கு நான் அளந்தேன், நீங்க எழுதினீங்க. பவுன்ராசுவுக்குப் பணியில இருக்கறப்ப அடிபட்டதா எழுதிடறேன்" என்றார்.

"ஒரு தாள் கரியை வீணாக் காத்துல விட்டுட்டோமே மேடம்" என்றேன். அப்போதுதான் எனக்குப் பேச்சு திரும்பியது. மேடம் சிரிக்கவில்லை. ஆனால் 'திரும்ப அளங்க' என்றும் சொல்லவில்லை.

அந்த எண்கள் எல்லாம் மேலே போயின. எந்தக் குறையும் சொல்ல முடியாத எண்கள். எங்கேயோ ஒரு பெரிய கூடத்தில், நம் நாட்டுக் காடு குடித்த புகையின் கணக்கில், அவையும் ஒரு துளியாகச் சேர்ந்திருக்கும்.

நாலு மாதம் கழித்துப் பவுன்ராசுவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். கால் சரியாகிவிட்டது, படி இறங்கும்போது மட்டும் லேசாக இழுக்கும். அந்த நாலு மாதமும் அவன் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அந்த இழுப்பைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சை வேறெங்காவது கொண்டுபோவேன்.

மேடத்திடம் நான் எல்லாவற்றையும் சொன்னதாக எழுதினேன். ஒன்றைச் சொல்லவில்லை. அந்த விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வேறொரு வட்டத்தில், நான் அளக்கிறவனாகப் போனபோது, விளையாட்டுக்கு விழுந்த மாதிரி "ஐயோ அம்மா" என்று அலறியிருந்தேன். பவுன்ராசு முள்ளுக்குள் விழுந்தடித்து ஓடி வந்தான், கையெல்லாம் ரத்தம். நான் ஒரு மரத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றேன். அவன் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிக்கொண்டான்.

பால்கோவாவை வாயில் வைத்துக்கொண்டே அதைச் சொல்ல முடியவில்லை. கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பவுனு, அன்னைக்கு நீ கத்துனது எனக்கு ஒரு தடவை கேட்டுச்சுடா. எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல. அண்ணேன்னு கேட்டுச்சு. எனக்குத் திருப்பிக் குடுக்க நீ வெளையாடுறன்னு நெனச்சேன். ஒம்பது என்னாச்சுன்னு சத்தம் போட்டேன். உடனே நம்பர் வந்துருச்சு. அதோட விட்டுட்டேன்."

அவன் டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தான். டீ எப்போதோ ஆறியிருந்தது.

"தெரியும்ணே" என்றான். "வெளையாட்டுன்னு நெனச்சுட்டீங்கன்னு அப்பவே தெரியும். அதான் நீங்க சிரிச்சது கீழ வரைக்கும் கேட்டுச்சே. நான் கத்தக் கத்த சிரிச்சீங்க."

அவன் கத்திய நேரத்தில் நான் சிரிக்கவில்லை. எண்களையும் அந்த ஒரு கேள்வியையும் தவிர என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இது எனக்கு என் பேரைப் போல நிச்சயம்.

"ஆமாடா, சிரிச்சேன்" என்றேன். "தப்புதான்."

"விடுங்கண்ணே" என்றான் அவன். முகம் தெளிந்து, மிச்சமிருந்த பால்கோவாவை என் பக்கம் தள்ளினான். நான் இல்லை என்று சொல்லியிருந்தால், பிறகு சிரித்தது யார் என்று அவன் யோசிக்கத் தொடங்கியிருப்பான். திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் மறுபடி மேட்டில் வேலை இருந்தது.